பார்வை இழந்த நாய்க்குப் புது வீடு தேடுவது எப்படி?

வேலை மாற்றலாகி வெளியூர் போன ஒரு குடும்பம், எட்டு வயது லாப்ரடார் நாயை என்னிடம் ஒப்படைத்துவிட்டுச் சென்றது. பெயர் கருப்பன். இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை. அவனுக்கு நல்ல வீடு கிடைக்க நான்கு மாதம் ஆயிற்று. இந்த வேலையில் முதல்முறையாக இறங்குபவர்கள் எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்று தெரிந்துகொள்ள இதை எழுதுகிறேன்.

1. மருத்துவரிடம் காட்டுங்கள்

கண் தெரியவில்லை என்று மட்டும் சொன்னால் போதாது. ஏன் தெரியவில்லை என்பது தத்து எடுப்பவருக்குத் தெரிய வேண்டும். கண்புரை என்றால் அறுவை சிகிச்சையில் பார்வை திரும்ப வாய்ப்பு உண்டு. அந்தப் புரை சர்க்கரை நோயால் வந்ததென்றால் தினமும் இன்சுலின் போட வேண்டியிருக்கும். கண்ணில் அழுத்தம் கூடும் நோயோ கடுமையான வலி தரும். பார்வை போன பிறகும் அந்த வலி போகாது. உண்ணிக் காய்ச்சலும் கண்ணைக் கெடுக்கும். கருப்பனுக்கு வந்திருந்தது விழித்திரை மெல்ல மெல்லத் தேயும் பரம்பரை நோய். இது வந்த நாய் முதலில் இரவில் தடுமாறும், பிறகு பகலிலும். இதற்குச் சிகிச்சை இல்லை, ஆனால் வலியும் இல்லை. இந்த ஒரு தகவலே பலருடைய தயக்கத்தைப் போக்கியது.

சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். வெறிநோய்த் தடுப்பூசி, கருத்தடை இரண்டையும் முடித்து, சீட்டுகளை ஒரே உறையில் வையுங்கள்.

2. ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள்

இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கருப்பன் வாசற்படிக்கு வந்ததும் நின்று, வலது முன்னங்காலை நீட்டி விளிம்பைத் தடவிப் பார்ப்பான். "படி" என்று சொன்னால்தான் இறங்குவான். படிக்கு முன்னால் தேங்காய் நார் மிதியடி ஒன்றைப் போட்டேன். நான்காம் நாளிலிருந்து அந்தச் சொரசொரப்பு காலில் பட்டதுமே தானாக நின்றான். எதற்குப் பயப்படுகிறான், எந்தச் சொல்லுக்குக் கட்டுப்படுகிறான், பேசாமல் தொட்டால் என்ன செய்கிறான் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். தூக்கத்தில் தொட்டதால் திடுக்கிட்டுப் பல்லைக் காட்டியிருந்தால் அதையும் எழுதுங்கள். மறைத்துக் கொடுத்த நாய் திரும்பி வந்துவிடும்.

3. அறிவிப்பு

பார்வை இல்லை என்பது முதல் வரியிலேயே இருக்கட்டும். சோகமான படம் வேண்டாம். நாய் நடப்பதையும், பந்தை மோந்து தேடி எடுப்பதையும் வீடியோ எடுத்துப் போடுங்கள். கருப்பனின் படத்தைப் பார்த்தவர்கள் "ஐயோ பாவம்" என்றார்கள். வீடியோவைப் பார்த்தவர்கள்தான் போன் செய்தார்கள்.

4. வீட்டை நேரில் பாருங்கள்

போனில் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் நேரில் போகாமல் கொடுக்காதீர்கள். தரையடித் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா, மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் இருக்கிறதா, கிணறு திறந்து கிடக்கிறதா, வெளிக்கதவு எப்போதும் சாத்தியிருக்குமா என்று பாருங்கள். ஏற்கெனவே ஒரு நாய் இருந்தால் அதன் குணத்தையும் பாருங்கள். சாதுவான நாயின் கழுத்தில் சலங்கை கட்டிவிட்டால், பார்வையற்ற நாய் அந்தச் சத்தத்தைப் பின்தொடர்ந்து நடக்கப் பழகிவிடும்.

இரக்கத்தில் உடனே கூட்டிக்கொண்டு போகிறேன் என்பவர்களைவிட, நிறையக் கேள்வி கேட்பவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம். கருப்பனை எடுத்துக்கொண்ட ஓய்வுபெற்ற ஆசிரியை, "இரவில் எழுந்தால் எந்தப் பக்கம் போவான்?" என்று கேட்டார். அப்போதே என் மனம் முடிவு செய்துவிட்டது.

நாள் ஆகிறதே என்று மனம் தளர்ந்து நாயை எங்கும் விட்டுவிடாதீர்கள். பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், பழக்கமில்லாத தெருவில் கண் தெரியாத நாய் எத்தனை நாள் உயிரோடு இருக்கும்?

5. ஒப்படைப்பது

ஒரே நாளில் கொடுக்க வேண்டாம். இரண்டு மூன்று முறை கூட்டிப்போய், கயிற்றோடு மெதுவாக வீட்டைச் சுற்றிவரச் செய்யுங்கள். தீபாவளியை ஒட்டிய நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். வெடிச்சத்தத்தில் பழக்கமில்லாத வீட்டுக்குள் அது எங்கே போய் ஒளியும்? படுத்துப் பழகிய போர்வையைத் துவைக்காமல் கொடுத்தனுப்புங்கள். முதல் வாரம் ஒரே அறை போதும். தண்ணீர்ச் சட்டியை வைத்த இடத்திலிருந்து நகர்த்தக் கூடாது. நாய்க்குத் திசை குழம்பினால் அந்தச் சட்டியருகே கூட்டிப்போய் விட வேண்டும். நாற்காலி, மேசையையும் இடம் மாற்றக் கூடாது. தொடுவதற்கு முன் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

வளர்க்க முடியாமல் போனால் வேறு யாரிடமும் கொடுக்காமல் உங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். முதல் மாதம் வாரம் ஒருமுறை போன் செய்யுங்கள். மூன்றாவது வாரம் நான் கூப்பிட்டபோது அந்த ஆசிரியை, "இப்போது பேச முடியாது, கருப்பன் என் காலில் தலை வைத்துத் தூங்குகிறான்" என்று கிசுகிசுத்துவிட்டு வைத்துவிட்டார்.