மீட்டிங் குறிப்பை ஏஐ எழுதும்போது எல்லைப்புற வியாபாரிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொள்ளாச்சியில் பித் பிளாக் (தேங்காய் நார்த்தூளை அழுத்திய கட்டி) ஏற்றுமதி செய்கிற ஒரு சின்ன கம்பெனியின் வாராந்தர மீட்டிங்கை எடுத்துக்கொள்வோம். முதலாளி கொங்குத் தமிழில் பேசுகிறார். கேரள எல்லையில் உள்ள கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கத்துக் களத்தைப் பார்த்துக்கொள்கிற சூப்பர்வைசர் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுகிறார். கொச்சி ஷிப்பிங் ஏஜென்ட் மலையாளத்தில் ஆரம்பித்து இங்கிலீஷில் முடிக்கிறார். ரேட்டும் தேதியும் மூன்று மொழியிலும் மாறி மாறி வருகின்றன. இந்தப் பேச்சை மனதில் வைத்து எந்த ஏஐ குறிப்பெடுப்பானும் செய்யப்படவில்லை. அதற்காக அது உதவாது என்று ஒதுக்கவும் வேண்டாம். எங்கே தடுக்கி விழும் என்று தெரிந்து வாங்கினால் போதும்.

மொழிப் பட்டியலை மட்டும் பார்த்து வாங்குவது

ஆட்டர் (Otter) பிரபலமானது, ஆனால் அது இங்கிலீஷும் இன்னும் சில வெளிநாட்டு மொழிகளும் புரிந்துகொள்கிற கருவி. தமிழ் மீட்டிங்குக்கு அதை வாங்கினால் காசு வீண். ஃபயர்ஃபிளைஸ் போன்றவை நூறு மொழிகளுக்கு மேல் என்று சொல்கின்றன. பட்டியலில் தமிழ் இருப்பதும், தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும்போது கருவி தாக்குப்பிடிப்பதும் வேறு வேறு விஷயங்கள்.

காரணம் எளிது. ஓப்பன்ஏஐ 2022இல் வெளியிட்ட விஸ்பர் என்ற பேச்சறியும் மாடலைப் பாருங்கள். அதைப் பழக்க 6,80,000 மணி நேர ஒலியைப் பயன்படுத்தினார்கள். அதில் இங்கிலீஷ் தவிர மற்ற மொழிகள் 96க்கும் சேர்த்துக் கிடைத்த பேச்சு சுமார் 1,17,000 மணி நேரம்தான். தமிழும் மலையாளமும் தெலுங்கும் அந்தச் சின்னப் பங்கிலிருந்து பிரித்துக்கொண்டவை. அதோடு அது ஒலியை 30 விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒரு துண்டுக்கு ஒரு மொழி என்று வைத்துக்கொள்கிறது. தமிழ் என்று முடிவு செய்துவிட்டால், அடுத்துப் பேசுகிறவரின் மலையாளமும் தமிழ் எழுத்தில் அர்த்தமில்லாத சொற்களாக வந்து விழும். நகரி, திருத்தணி பக்கத்தில் தமிழும் தெலுங்கும் கலக்கிற இடத்திலும் இதே கதைதான்.

எனவே டெமோ வீடியோவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் மீட்டிங் ஒன்றை, எல்லோரிடமும் சொல்லிவிட்டு, 20 நிமிஷம் பதிவு செய்யுங்கள். அதில் வந்த ரேட், அளவு, தேதி, பார்ட்டி பெயர், யாருக்கு என்ன வேலை என்பதில் ஒரு பத்து விஷயத்தை ஒருவர் கையால் எழுதிவைக்கட்டும். அதே பதிவை இரண்டு மூன்று கருவிகளில் ஏற்றி, பத்தில் எத்தனை சரியாக வந்தது என்று எண்ணுங்கள். எழுத்துப் பிழையைப் பொருட்படுத்த வேண்டாம். எண்ணில் பிழை இருந்தால் மட்டும் அந்தக் கருவியைத் தள்ளுங்கள்.

சுருக்கம் அழகாக இருக்கிறது என்று நம்பிவிடுவது

ஆபத்தானது இதுதான். முழு எழுத்துப் பிரதி குப்பையாக இருந்தால் கண்ணுக்கே தெரிந்துவிடும். ஆனால் சுருக்கத்தை எழுதுவது வேறொரு மொழி மாடல். அது அந்தக் குப்பையையும் எடுத்து, இடைவெளிகளைத் தானே நிரப்பி, வழவழவென்று நாலு பத்தியாகக் கொடுத்துவிடும். அதைப் படிக்கும்போது எங்கே ஊகம், எங்கே உண்மை என்று தெரியாது.

எங்கே பிசகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். முதலில் ஆமா, இல்லை. ‘இந்த வாரம் லோடு வேணும்’ என்பதற்கும் ‘வேணாம்’ என்பதற்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு உயிரொலி. மலையாளத்தில் ‘வேணம்’, ‘வேண்ட’. தமிழ் ‘வேணாம்’ மறுப்பு, மலையாள ‘வேணம்’ சம்மதம். மேலே மின்விசிறி ஓடும்போது மனிதக் காதுக்கே சிரமம். கருவி பாதி நேரம் தலைகீழாக எழுதினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது எண். ‘பதினேழரை’ என்று வியாபாரி சொன்னால் அது கிலோ 17.50 ஆகவும் இருக்கலாம், டன் 17,500 ஆகவும் இருக்கலாம். நமக்கு எது என்று தெரியும், கருவிக்குத் தெரியாது. ‘ரெண்டே முக்கால்’ பல சமயம் வெறும் இரண்டாகிவிடும். ‘பாயிண்ட் ஃபைவ்’ என்று ஈசி (பித்தில் உள்ள உப்பைக் காட்டும் அளவு) சொன்னதில் முதல் சொல் விழுங்கப்பட்டால், உப்பு நீக்கிக் கழுவிய பித் கழுவாத பித்தாகிவிடும். 0.5க்கும் 5க்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு கண்டெய்னரே திரும்பி வரலாம்.

மூன்றாவது, தேதி. ‘வர்ற வெள்ளி’ எந்த வெள்ளி என்று கருவி தானே கணக்குப் போட்டு ஒரு தேதி எழுதும், அல்லது எழுதாமலே விட்டுவிடும். நான்காவது, மௌனம். யாரும் பேசாமல் ஃபைல் தேடுகிற இடைவெளியில் விஸ்பர் வகை மாடல்கள் யாரும் சொல்லாத வாக்கியங்களை எழுதிவிடுவதுண்டு.

இதற்கு மருந்து மீட்டிங்கின் கடைசி இரண்டு நிமிஷத்தில் இருக்கிறது. முடிவுகளை ஒருவர், ஒரே மொழியில், நிதானமாகப் படித்துச் சொல்ல வேண்டும். சுருக்கிப் பேசாமல் இப்படி: ‘முடிவு ஒன்று. 5 கிலோ பிளாக், ஒரு கண்டெய்னர். ரேட் டன்னுக்குப் பதினேழாயிரத்து ஐநூறு ரூபாய், ஒன்று ஏழு ஐந்து பூஜ்யம் பூஜ்யம். லோடிங் தேதி மார்ச் பன்னிரண்டு, வியாழக்கிழமை. பொறுப்பு, களம் சூப்பர்வைசர்.’ எண்ணைச் சொல்லாகவும் இலக்கமாகவும் இரண்டு தடவை சொல்வதும், தேதியோடு கிழமையைச் சேர்ப்பதும் ஒன்று பிசகினால் மற்றது காட்டிக்கொடுப்பதற்காக. மறுப்பைச் சொல்லும்போது ‘வேணாம்’ என்று விடாமல் ‘அனுப்பக் கூடாது, நிறுத்தி வைக்கிறோம்’ என்று முழுசாகச் சொல்லுங்கள். கருவிக்கு மட்டுமில்லை, பாலக்காட்டில் இருந்து கேட்கிறவருக்கும் இது நல்லது.

பிறகு ஒரு ஆள் இந்த முடிவுப் பகுதியை மட்டும் ஒலியோடு ஒத்துப்பார்க்கட்டும். பெரும்பாலான கருவிகளில் வரியைத் தட்டினால் அந்த இடத்து ஒலி ஓடும். ஐந்து நிமிஷ வேலை. அந்த ஆள் பார்த்து முடிக்கும் வரை குறிப்பு வெளியே போகக் கூடாது.

சில கருவிகளில் சொந்தச் சொற்பட்டியல் சேர்க்கும் வசதி உண்டு. பார்ட்டி பெயர்கள், ஆனைமலை, கொழிஞ்சாம்பாறை போன்ற ஊர்ப் பெயர்கள், பித், மஞ்சி, கொப்பரை போன்ற சொற்கள் என ஒரு முப்பது நாற்பது போட்டுவைத்தால் பிரதி கணிசமாகத் தேறும்.

ஒரு மைக், ஆறு பேர்

மேஜை ஓரத்தில் ஒரு லேப்டாப்பைத் திறந்துவைத்துச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்தால், கருவிக்கு ஆறு பேரும் ஒரே ஆள்; அல்லது குரலை வைத்து ஊகித்து இருவரை ஒருவராக்கும். தனித்தனி போனில் இணைந்தவர்களுக்கு இந்தக் குழப்பம் குறைவு, ஏனென்றால் ஒவ்வொருவரின் பெயரும் ஒலியும் தனியாக வருகிறது. ஆனால் ஒரே அறையில் இரண்டு பேர் தனித்தனியாக இணைந்து ஸ்பீக்கரையும் திறந்துவைத்தால் எதிரொலியும் இரட்டைப் பிரதியும்தான் மிச்சம். அறைக்கு ஒரே மைக், மேஜை நடுவில், பேசுகிறவரிடமிருந்து ஒரு மீட்டருக்குள். மின்விசிறியை ஒரு புள்ளி குறையுங்கள். நார் மில் ஓடுகிற பக்கத்து ஜன்னலைச் சாத்துங்கள்.

தானாக நுழைய விடுவது

நாள்காட்டியை இணைத்தவுடன், லிங்க் உள்ள எல்லா மீட்டிங்கிலும் தானே சேர்ந்துகொள்கிற அமைப்பு பல கருவிகளில் முன்கூட்டியே இயங்கிக்கொண்டிருக்கும். ஆடிட்டரோடு பேசுவது, சம்பளப் பேச்சு, பேங்க் மேனேஜரோடு கடன் பேச்சு எல்லாவற்றிலும் அது வந்து உட்காரும். அதைவிட மோசம், அழைப்பில் பெயர் உள்ள எல்லோருக்கும் சுருக்கம் தானாக மெயிலில் போகிற அமைப்பு. வாங்குகிற பார்ட்டி பாதியில் வெளியேறிய பிறகு நீங்கள் உள்ளுக்குள் பேசிக்கொண்ட ‘இன்னும் ஒரு ரூபாய் இறங்கலாம்’ என்பதும் அவருக்கே போய்ச் சேரும். முதல் நாளே இரண்டையும் அணைத்து, ‘நான் சேர்த்தால் மட்டும்’, ‘எனக்கு மட்டும்’ என்று மாற்றுங்கள். பார்ட்டி கிளம்பியதும் பதிவை நிறுத்தி, உள்பேச்சுக்குத் தனி மீட்டிங் போடுங்கள்.

‘உங்கள் பதிவை மாடல் பழக்கப் பயன்படுத்தலாமா’ என்ற தேர்வு இருந்தால் அதையும் அணைக்கவும்.

கேட்காமல் பதிவு செய்வது

தொடக்கத்திலேயே சொல்லி, சம்மதம் வாங்கி, அந்தச் சம்மதமும் பதிவில் இருக்கும்படி செய்யுங்கள். மரியாதை ஒரு பக்கம், சட்டமும் இருக்கிறது. ஜெர்மனியில் ஒருவரின் தனிப்பட்ட பேச்சை அனுமதியில்லாமல் பதிவு செய்வது குற்றவியல் சட்டத்தின் 201ஆம் பிரிவில் வருகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ரகசியப் பேச்சைப் பதிவு செய்ய எல்லாத் தரப்பும் சம்மதிக்க வேண்டும். பித் வாங்குகிறவர்கள் அங்கேயெல்லாம் இருக்கிறார்கள். இந்தியாவில் 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கு இடம் கொடுக்கிறது. சின்ன கம்பெனிக்கு உச்சத் தொகை விதிக்கப்படாது என்று வைத்துக்கொண்டாலும், மூன்று வருஷப் பேச்சை ஒரு காரணமும் இல்லாமல் சேர்த்துவைப்பது வேண்டாத தலைவலி. சரிபார்த்த குறிப்பு இருந்தால் ஒலி எதற்கு? 30 நாளில் அழிக்கும்படி அமைத்துவிடுங்கள்.

போன் பேச்சை மறந்துவிடுவது

நம் பக்கத்து வியாபாரம் பெரும்பாலும் வாட்ஸ்அப் காலில் நடக்கிறது. ஜூம், மீட் போன்றவற்றில் ஆளைப் போல நுழைகிற பாட் வாட்ஸ்அப் காலுக்குள் வராது. ஒரு வாரம் உங்கள் பேச்சுகளை எண்ணிப்பாருங்கள். பத்தில் எட்டு போன் என்றால் அந்தச் சந்தா உங்களுக்கு இல்லை. கால் முடிந்த கையோடு, பேசி முடிவானதை நீங்களே ஒரு நிமிஷ வாய்ஸ் நோட்டாகச் சொல்லி அதை எழுத்தாக்கினால் போதும். ஒரே குரல், ஒரே மொழி, கூச்சல் இல்லை. பெரிய கருவி கொடுக்கிறதை விடச் சுத்தமாக வரும். அதையே பார்ட்டிக்கு அனுப்பி ‘சரிதானே’ என்று கேட்டுவிடலாம்.

சந்தா, பில், கணக்கு

இலவசத் திட்டத்தில் மாத நிமிஷம் மட்டுமில்லை, ஒரு மீட்டிங்குக்கான எல்லையையும் பாருங்கள். அரை மணியில் நின்றுவிட்டால் கடைசியில் சொல்கிற முடிவுகள்தான் பறிபோகும். ஆளுக்கு ஒன்று என்று சீட் (ஒரு ஆளுக்கான சந்தா) வாங்காதீர்கள். மீட்டிங்கை நடத்துகிற ஒருவருக்கு இருந்தால் பெரும்பாலும் போதும். ஜூம் கட்டணத் திட்டம் ஏற்கெனவே இருந்தால் அதன் ஏஐ கம்பானியன் கூடுதல் காசில்லாமல் வருகிறது. முதலில் அதைச் சோதித்துப் பாருங்கள்.

வெளிநாட்டுக் கம்பெனியின் பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் பதியுங்கள். பதியாவிட்டால் உங்களைத் தனிநபராக எடுத்து 18 சதவீத வரியைச் சேர்த்துவிடுவார்கள். பதிந்தால் அந்த வரியை ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நீங்களே கட்ட வேண்டும் என்பதை ஆடிட்டரிடம் சொல்லிவையுங்கள். கார்டில் மாதாமாதம் தானாகப் பிடிக்கிற ஏற்பாடு வெளிநாட்டுத் தளங்களில் அடிக்கடி தோற்றுப்போகும். புதுப்பிக்கும் தேதியை நாள்காட்டியில் குறித்துவையுங்கள்.

கணக்கைத் திறக்கும்போது ஆபீஸ் பையனின் சொந்த ஜிமெயிலில் திறக்காதீர்கள். அவர் வேலையை விட்டால் எல்லாக் குறிப்பும் அவரோடு போகும். கம்பெனி மெயில், இரட்டைச் சரிபார்ப்பு, பாஸ்வேர்ட் முதலாளியிடம். கருவியை நிறுத்துகிற நாளில் குறிப்புகளை இறக்கி வைத்துக்கொண்டு, பதிவுகளை அழித்து, அதன்பின் கணக்கை மூடுங்கள். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் மூன்றாம் தரப்புச் செயலிகள் என்ற இடத்துக்கும் போய், நாள்காட்டிக்குக் கொடுத்த அனுமதியை எடுத்துவிடுங்கள். சந்தாவை நிறுத்தினால் மட்டும் அந்த அனுமதி தானாகப் போய்விடாது.