உங்கள் கோடோ கேமை ஸ்டீம் டெக்கில் ஓட்டிப் பார்ப்பது எப்படி?

கேம் செய்யும் மென்பொருளான கோடோவில் ஒரு சின்ன கேம் செய்து வைத்திருக்கிறீர்கள். அதை வால்வ் நிறுவனத்தின் கையடக்கக் கேம் கருவியான ஸ்டீம் டெக்கில் ஓட்டிப் பார்க்க, 100 டாலர் கட்டி அவர்களின் ஆன்லைன் கேம் கடையான ஸ்டீமில் பதிவு செய்ய வேண்டியதில்லை. டெக் பார்க்கத்தான் விளையாட்டுச் சாமான். உள்ளே ஓடுவது ஆர்ச் லினக்ஸை வைத்து வால்வ் செய்த ஸ்டீம்ஓஎஸ், கேடிஇ டெஸ்க்டாப்போடு. 2022 பிப்ரவரியில் டெக் வந்தது. 2025-ல் லெனோவோவின் லீஜியன் கோ எஸ் கருவியும் இதே ஸ்டீம்ஓஎஸ்ஸோடு விற்பனைக்கு வந்தது. ஆக, ஒரு முறை கற்றுக்கொண்டால் அடுத்த கருவிக்கும் உதவும்.

படி 1: திரை

டெக்கின் திரை 1280க்கு 800. அதாவது 16:10. நாம் வழக்கமாக 1920க்கு 1080 என்று வைத்துச் செய்வோம். ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் ஸ்ட்ரெட்ச் மோடை 'கேன்வாஸ் ஐட்டம்ஸ்' என்றும், ஆஸ்பெக்டை 'எக்ஸ்பாண்ட்' என்றும் மாற்றுங்கள். 'கீப்' என்று விட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும்.

படி 2: எழுத்து

இங்கேதான் பொறுமை வேண்டும். டெக்கில் சரியாக ஓடுகிறது என்று வால்வ் சான்று தர, திரையின் மிகச் சிறிய எழுத்துகூட 9 பிக்சல் உயரத்துக்குக் குறையக் கூடாது. 1920 அகலத்துக்கு வைத்த 16 அளவு எழுத்து, டெக்கில் 11-க்கும் கீழே சுருங்கிவிடும். ஆங்கிலத்தைக் கண்ணைச் சுருக்கிப் படித்துவிடலாம். தமிழில் 'ணை', 'ஞூ' எல்லாம் சுழி அடைபட்டு மைத்துளி ஆகிவிடும். என் முதல் கேமின் மெனுவே எனக்குப் புரியவில்லை! தமிழுக்கு 9 போதவே போதாது, இரண்டு மடங்காவது வையுங்கள்.

இன்னொன்று: கோடோவின் இயல்பு எழுத்துருவில் தமிழ் இல்லை. உங்கள் கணினியில் தமிழ் தெரிகிறது என்றால், சிஸ்டத்தில் இருக்கும் ஏதோ ஒரு எழுத்துருவை அது கடன் வாங்குகிறது. வேறு கருவியில் அது கிடைக்கும் என்று நம்ப முடியாது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றை ப்ராஜெக்டுக்குள்ளேயே போட்டுவிடுங்கள். கோடோ 4-ஐயே பயன்படுத்துங்கள். 3-ல் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்.

படி 3: பட்டன்கள்

இன்புட் மேப்பில் ஒவ்வொரு செயலுக்கும் கீபோர்டு விசையோடு ஜாய்பேட் பட்டனும் சேருங்கள். மெனுவையும் மௌஸ் இல்லாமல் நகர்த்த முடிய வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

படி 4: எக்ஸ்போர்ட்

எக்ஸ்போர்ட் டெம்ப்ளேட்டுகளை இறக்கி, லினக்ஸைத் தேர்ந்தெடுத்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள். விண்டோஸில் வேலை செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறியிருந்தால் எடிட்டர் மன்னித்துவிடும், எக்ஸ்போர்ட் ஆன கேம் மன்னிக்காது. படம் காணோம் என்றால் முதலில் பெயரைப் பாருங்கள்.

படி 5: டெக்கில் ஏற்றுவது

டெக்கின் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து, 'ஸ்விட்ச் டு டெஸ்க்டாப்' கொடுங்கள். வலது டிராக்பேட்தான் மௌஸ், ஆர்2 இடது கிளிக், எல்2 வலது கிளிக். டைப் செய்ய ஸ்டீம் பட்டனும் எக்ஸும் சேர்த்து அழுத்துங்கள். யுஎஸ்பி-சி பென்டிரைவிலிருந்து ஃபோல்டரை முழுதாக ஹோமுக்குள் காப்பி செய்யுங்கள். கேம் ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸில் பெர்மிஷன்ஸ் போய், அதை ஓட்ட அனுமதிக்கும் பெட்டியை டிக் செய்யுங்கள். பிறகு அதே ஃபைலில் வலது கிளிக், 'ஆட் டு ஸ்டீம்'. அப்புறம் கேமிங் மோடுக்குத் திரும்பினால், லைப்ரரியில் ஸ்டீம் அல்லாத கேம்களின் பகுதியில் இருக்கும். பட்டன் வேலை செய்யவில்லையா? கன்ட்ரோலர் லேஅவுட்டில் 'கேம்பேட்' டெம்ப்ளேட்டை எடுங்கள்.

படி 6: விண்டோஸ் பதிப்பையும் ஓட்டுங்கள்

அதையும் இதே போல் சேர்த்து, ப்ராப்பர்ட்டீஸில் கம்பேட்டிபிலிட்டி போய் புரோட்டானைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைனை அடிப்படையாக வைத்து 2018-ல் வந்த புரோட்டான், விண்டோஸ் கேம் திரையில் படம் வரையக் கொடுக்கும் டைரக்ட்எக்ஸ் அழைப்புகளை, லினக்ஸிலும் ஓடும் வல்கனுக்கு மாற்றித் தருகிறது. லினக்ஸுக்கென்று எதுவும் செய்யாத கேம்களும் டெக்கில் ஓடுவது இதனால்தான். இரண்டில் எது சீராக ஓடுகிறதோ அதையே கொடுங்கள், இதில் மானப் பிரச்சினை ஒன்றுமில்லை.

கடைசியாக, ஆட்டத்தின் நடுவில் பவர் பட்டனை ஒரு தட்டுத் தட்டித் தூங்க வைத்து, சாப்பிட்டுவிட்டு வந்து எழுப்புங்கள். நேரத்தைக் கணினிக் கடிகாரம் பார்த்துக் கணக்கிட்டிருந்தீர்கள் என்றால், அதற்குள் உங்கள் ஹீரோவுக்கு 'நேரம் முடிந்தது' என்று வந்திருக்கும்.