விலைவாசி ஏறும்போது வெளிநாட்டு உதவிக்காகப் பேசுவது எப்படி?

சேலத்தில் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறேன். உக்ரைனுக்கு அமெரிக்கா உதவணும் என்று வாதாடுபவருக்கு நான் சொல்வது இது. 'நம்ம அடுப்பே எரியலை, உக்ரைனுக்கு எதுக்கு?' என்று கேட்கும் அமெரிக்கரை மடக்கப் பார்க்காதீங்க. அவர் கேள்வி நியாயமானது.

பணம் எங்கே போகிறது என்று காட்டுங்க. உக்ரைனுக்குக் கொடுத்த வகை 155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டின் உலோகக் கூடு அமெரிக்காவிலேயே, பென்சில்வேனியாவின் ஸ்கிரான்டன் ஆலையில் தயாராகிறது, கூலி அங்கேதான்.

சுமையைச் சின்னதாகப் பிரிக்கச் சொல்லுங்க. 1971-ல் வங்கதேச அகதிகளுக்காக, நவம்பர் 15 முதல் கடிதத்துக்கு 5 பைசா வரியாகக் கூடுதல் அஞ்சல் தலை ஒட்டினோம். செவ்வாய்ப்பேட்டையில் அப்பாவின் வெள்ளிப் பட்டறைக் கடிதங்களுக்கு நான்தான் எச்சில் தொட்டு ஒட்டுவேன். குடும்பக் கட்டுப்பாட்டுத் தலை மேலேயே 'ரெஃப்யூஜி ரிலீஃப்' என்று அச்சடித்திருக்கும். எதற்கென்று தெரிந்த காசு. தொழில் மந்தமாக இருந்தும் அப்பா முணுமுணுத்ததில்லை.

முடியும் தேதியையும் சொல்லிடுங்க. அந்த வரி 1973 மார்ச்சோடு நின்றது.