லவ் பேர்ட்ஸ்: ஜோடி சேர்ப்பது முதல் குஞ்சு பிரிப்பது வரை

பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பதே 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதனால் இங்கே சொல்வதெல்லாம் நம் ஊர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கும் ஆஸ்திரேலியப் பட்ஜிக் கிளிகளுக்குத்தான்.

ஆண் எது, பெண் எது என்று தெரிய, அலகுக்கு மேல் மூக்குத் துவாரம் இருக்கும் தோலைப் பாருங்கள். ஆணுக்கு நீலம், முட்டையிடத் தயாரான பெண்ணுக்கு அது தடித்து, பழுப்பாகிச் சொரசொரப்பாகத் தெரியும். முழு மஞ்சள், முழு வெள்ளை ரகங்களில் ஆணுக்கும் நீலம் வராது, இளஞ்சிவப்புதான். இரண்டுக்கும் ஒரு வயது நிரம்பட்டும். சித்திரை வெயிலில் முட்டையிடும் பானையைக் கூண்டில் கட்டாதீர்கள்; பானைக்குள் குஞ்சுகள் வெந்துபோகும்.

ஒரு கூண்டில் பல ஜோடி இருந்தால், ஜோடிக் கணக்கைவிடப் பானை கூடுதலாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் கட்டுங்கள். இல்லாவிட்டால் மேல் பானைக்காகப் பெண்கள் ரத்தம் வரச் சண்டை போடும். பானைக்குள் இரண்டு விரல் உயரத்துக்கு மரச்சீவல் போடுங்கள். வழுக்கும் தரையில் குஞ்சின் கால்கள் இருபுறமும் அகன்று, அப்படியே நின்றுவிடும்.

முட்டையிடும் பெண்ணுக்குச் சுண்ணாம்புச் சத்துதான் உயிர். கடல் நுரை (கணவாய் மீனின் ஓடு) ஒரு துண்டு எப்போதும் கூண்டில் தொங்கட்டும். அது குறைந்தால் ஓடு மெலிந்து முட்டை வெளியே வராமல் சிக்கும். சிறகைச் சிலிர்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து முக்கும் பறவையை உடனே கதகதப்பான இடத்துக்கு மாற்றி மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வயிற்றை அமுக்கி எடுக்கப் பார்த்தால் முட்டை உள்ளேயே உடைந்து பறவை செத்துவிடும். தினையோடு முளைகட்டிய தானியம், முருங்கைக்கீரை, வேகவைத்த முட்டை கொடுங்கள். மிச்சத்தை இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள்.

ஒன்றுவிட்ட நாளில் 4 முதல் 6 முட்டை இடும். 18 நாளில் பொரியும், அதுவும் ஒவ்வொன்றாக. ஏழாம் நாள் செல்போன் டார்ச்சில் பார்த்தால் கருவுள்ள முட்டையில் சிவப்பு நரம்பு ஓடும். குஞ்சின் கழுத்துக்குக் கீழே இரைப்பை புடைத்திருந்தால் தாய் ஊட்டுகிறது என்று அர்த்தம். கடைக்குட்டியின் பை காலியாகவே இருந்தால், அதே அளவு குஞ்சுள்ள வேறு பானைக்கு மாற்றுங்கள். எறும்பு ஏறினால் சாக்பீஸ் மருந்து வேண்டாம்; கூண்டுக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள்.

30 முதல் 35 நாளில் குஞ்சு வெளியே வரும். அப்போதே பிரித்துவிடாதீர்கள், தகப்பன் இன்னும் ஊட்டிக்கொண்டிருக்கும். தானாகத் தினையை உரித்துத் தின்பதைச் சில நாள் பார்த்த பிறகு மாற்றலாம். தொடர்ந்து இரண்டு ஈடு (இரண்டு தடவை குஞ்சு) எடுத்ததும் பானையைக் கழற்றி, குறைந்தது ஆறு மாதம் ஜோடிக்கு ஓய்வு விடுங்கள்.