பாக்கெட்டை அச்சடிக்கும் முன் கடையில் போய் நில்லுங்கள்

சத்துமாவோ முறுக்கோ கடலை உருண்டையோ, வீட்டில் செய்து விற்க ஆரம்பிக்கிற நாம் பெரும்பாலும் ஒரே தப்பைத்தான் செய்கிறோம். சரக்கு தயாரானதும் நேராக டிசைன் போடுகிறவரிடம் போய் உட்கார்ந்து, பச்சை எடுப்பா இருக்குமா மஞ்சள் எடுப்பா இருக்குமா என்று அவரிடமே கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து தங்கச்சியிடமும் மச்சானிடமும் காட்டி, எல்லாரும் "சூப்பரா இருக்கு" என்று சொன்ன அன்றைக்கே அச்சுக்குக் கொடுத்துவிடுகிறோம். வேலூர் மாவட்டம் குடியாத்தம் பக்கம் நாங்கள் மகளிர் குழுவாகக் கேழ்வரகு சத்துமாவு போட ஆரம்பித்தபோது அப்படித்தான் 3,000 பை அடித்தோம். பழுப்புக் காகிதம், நடுவில் மாவு தெரிகிற மாதிரி ஒரு ஜன்னல், பார்க்க அவ்வளவு அழகு. பாதிக்கு மேல் இன்னும் மூட்டையாகக் கிடக்கிறது. அதன்பிறகுதான் வாங்குகிறவர்களிடம் போனோம். எப்படிப் போனோம், என்ன கேட்டோம், எதைக் கேட்கக் கூடாது என்பதை எழுதுகிறேன், உங்களுக்காவது அந்தப் பணம் மிஞ்சட்டும்.

முதல் வேலை, கடையில் நிற்பது. தெரிந்த மளிகைக் கடைக்காரர் ஒருவரிடம் சொல்லிவிட்டு, மாலை 6 மணியிலிருந்து 8 மணி வரை ஒரு ஓரமாக நில்லுங்கள், ஒரு வாரம். யாரிடமும் பேச வேண்டாம், கையில் நோட்டு இருந்தால் போதும். குடியாத்தம், கே.வி.குப்பம், பேரணாம்பட்டு மாதிரி ஊர்களில் பெரும்பாலான கடைகளில் வாங்குகிறவர் பாக்கெட்டைத் தொடுவதே கிடையாது, அவருக்கும் அலமாரிக்கும் நடுவில் கல்லா, கடலைப் பருப்பு மூட்டை, கடைக்காரர், அப்புறம் ஒரு ட்யூப்லைட் வெளிச்சம். ஐந்தாறு அடி தள்ளி நின்று வாயால் கேட்டுத்தான் வாங்குகிறார்கள். "அந்த மஞ்சப் பாக்கெட்டு", "கொழந்த படம் போட்டது", இப்படித்தான். வேலூரிலோ காட்பாடியிலோ சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனால் கதையே வேறு, கையில் எடுத்துத் திருப்பி முதலில் தேதியைத் தேடுகிறார்கள், அப்புறம் விலை, அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். உங்கள் சரக்கு எந்த மாதிரிக் கடையில் அதிகம் போகப் போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், ஏனென்றால் ஒன்றுக்குத் தூரத்தில் தெரிகிற ஒரே நிறமும் வாயில் வருகிற பெயரும் வேண்டும், இன்னொன்றுக்குப் பின்பக்கம்தான் முக்கியம்.

பெயர் விஷயத்தில் எங்களுக்கு நல்ல அடி. முன்பக்கம் பெரிதாக 'ராகி ஹெல்த் மிக்ஸ்' என்று போட்டிருந்தோம். நின்று கேட்ட ஒரு வாரத்தில் அந்தப் பெயரைச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. வயதானவர்கள் "கேவுரு மாவு" என்றார்கள், கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்கள் "கஞ்சி மாவு" என்றார்கள். இப்போது எங்கள் பையில் 'கேழ்வரகு கஞ்சி மாவு' என்றுதான் இருக்கிறது. நம் பக்கம் வேர்க்கடலையை மல்லாட்டை என்று சொல்கிற வீடுகள் எத்தனை! கடலை உருண்டை போடுகிறவர்கள் அந்தச் சொல்லைப் பையில் சின்னதாகவாவது போட்டுப் பார்க்கலாம்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி விற்கிற எண்ணம் இருந்தால் அதைத் தனியாகப் பாருங்கள். வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு என்று எங்கிருந்தோ சிகிச்சைக்கு வந்து லாட்ஜில் வாரக்கணக்கில் தங்கித் தாங்களே சமைத்துச் சாப்பிடுகிற குடும்பங்கள் அங்கே ஏராளம், கடைப் பலகைகளிலேயே வங்காள எழுத்து இருக்கும். தமிழ் படிக்கத் தெரியாத அவர்களுக்குப் படம்தான் பேச வேண்டும். கதிரும் கஞ்சிக் கிண்ணமும் சேர்ந்த படம் புரிகிறதா, வெறும் கதிர் மட்டும் போதுமா என்று அவர்களிடமே காட்டிக் கேளுங்கள்.

இரண்டாவது, கேட்பது. "இது பிடிச்சிருக்கா" என்று மட்டும் கேட்காதீர்கள். நம் ஊரில் வீடு தேடி வந்தவரிடம் யாரும் பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டார்கள், காபி வேறு கொடுத்து அனுப்புவார்கள். போன தடவை என்ன மாவு வாங்கினீர்கள், எங்கே, ஏன் அது என்று நடந்ததைக் கேளுங்கள். அப்புறம் பையை மூன்று விநாடி காட்டிவிட்டு மறைத்து, என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். சொன்னதில் உங்கள் பெயர் வருகிறதா, பொருள் என்னவென்று வருகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு டிசைன் காட்டுவதாக இருந்தால் ஒருவரிடம் முதலில் இதைக் காட்டினால் அடுத்தவரிடம் அதை முதலில் காட்டுங்கள், இல்லாவிட்டால் காட்டுகிற வரிசையே முடிவை மாற்றிவிடும்.

என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விட உண்மை சொல்கிற கேள்வி "இது என்ன விலை இருக்கும்?" என்பதுதான். எங்கள் கால் கிலோ பை 90 ரூபாய். பழுப்புக் காகிதப் பையைக் கையில் கொடுத்துக் கேட்டால் கே.வி.குப்பத்தில் 150, 200 என்று சொல்லிவிட்டு உடனே திருப்பிக் கொடுத்தார்கள், இது நமக்கில்லை என்ற மாதிரி. காட்பாடி காந்தி நகரில் அதே பையை ஆசையாக வாங்கிப் பார்த்தார்கள். ஒரே பை, பக்கத்துப் பக்கத்து ஊர்களிலேயே இரண்டு அர்த்தம்.

பை மாறினால் சுவையே மாறித் தெரியும். லூயி செஸ்கின் என்ற அமெரிக்க ஆய்வாளர் போன நூற்றாண்டின் நடுவிலேயே இதைச் சொல்லிவிட்டார்: உறை தருகிற உணர்வை மனிதர்கள் தெரியாமலே உள்ளே இருக்கும் பொருளின்மேல் ஏற்றிவிடுகிறார்கள். நீங்களே செய்து பார்க்கலாம். ஒரே மாவை இரண்டு விதப் பையில் போட்டுக் கொடுத்து, இரண்டு நாள் கழித்துப் போய் எது வாசனையாக இருந்தது என்று கேளுங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது, வீட்டுக்குள் போவது. எட்டுப் பத்து வீடு போதும், ஆனால் கலந்து எடுங்கள்: கைக்குழந்தை இருக்கிற வீடு, சர்க்கரை இருக்கிற தாத்தா பாட்டி வீடு, உருது பேசுகிற வீடு, வேலைக்குப் போகிற பெண் இருக்கிற வீடு. பையைக் கொடுத்து, எப்போதும் போல் கஞ்சி போடுங்கள் அக்கா என்று சொல்லிவிட்டு அடுப்படி வாசலில் நின்று பாருங்கள். பேரணாம்பட்டில் ஒரு அக்கா நாங்கள் பெருமையாக வைத்த ஜிப்பைக் கவனிக்கவே இல்லை. பல்லால் ஓரத்தைக் கடித்து இழுத்தார், வரவில்லை, அரிவாள்மனையில் குறுக்கே ஒரு இழுப்பு, ஜிப்பும் சேர்ந்து போனது. மாவு முழுவதையும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொட்டினார். பையைக் குப்பையில் போடப் போனவர் நின்று, பின்பக்கம் இருந்த செய்முறையை மட்டும் கத்திரியால் வெட்டி எடுத்து, மாவுக்கு மேலே பாட்டிலுக்குள் வைத்து மூடினார். வெட்டியதில் தண்ணீர் அளவு இருந்த வரி போய்விட்டது.

அந்த ஐந்து நிமிடத்தில் எங்கள் பை மொத்தமும் மாறியது. ஜிப்பை எடுத்துவிட்டோம், செலவும் குறைந்தது. கிழிக்க இரண்டு பக்கமும் சின்ன வெட்டு வைத்தோம். செய்முறையைச் சுற்றிலும் புள்ளிக்கோடு போட்டு, வெட்டி பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினோம். அளவைக் கிராமில் எழுதாமல் ஸ்பூனிலும் டம்ளரிலும் எழுதினோம். இதில் எதையும் யாரும் வாயால் கேட்டிருக்க மாட்டார்கள், கை செய்ததைப் பார்த்ததால்தான் தெரிந்தது.

ஜன்னலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாவைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று பல பேர் சொன்னார்கள், அது நியாயமான ஆசை. ஆனால் எங்கள் மாவில் வறுத்த கடலையும் முந்திரியும் இருக்கின்றன, எண்ணெய் உள்ள பொருள். வேலூர் வெயிலில், கடை முகப்பில் வெளிச்சம் படுகிற இடத்தில் தொங்கினால் சீக்கிரமே சிக்கு வாடை வந்துவிடுகிறது. மக்கள் கேட்டதை அப்படியே செய்யாமல், ஏன் கேட்கிறார்கள் என்று பாருங்கள். அவர்களுக்குத் தேவை நம்பிக்கை. பையை வெளிச்சம் புகாததாக மாற்றி, கடைக்கு ஒரு சின்ன பாட்டிலில் மாதிரி மாவு கொடுத்து வைத்தோம், பார்க்கலாம், முகர்ந்தும் பார்க்கலாம்.

யாரைக் கேட்டாலும் மாற்ற முடியாதவை சில உண்டு, அவற்றுக்கு முதலிலேயே இடம் ஒதுக்கிவிட்டு மிச்ச இடத்தில் டிசைன் செய்யுங்கள்: பொருளின் பெயர், எடையில் அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாகச் சேர்மானங்கள், சத்து அட்டவணை, சைவம் என்று காட்டுகிற, சதுரத்துக்குள் பச்சை வட்டம், நிகர எடை, தொகுதி எண் (பேட்ச் நம்பர்), தயாரித்த தேதி, காலாவதித் தேதி, அதிகபட்ச விலை, உங்கள் முகவரி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண். கடலை, முந்திரி, கோதுமை, பால் இருந்தால் ஒவ்வாமைக் குறிப்பு கட்டாயம். இந்த விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தாக வேண்டும், தமிழைக் கூடுதலாகத் தாராளமாகப் போடலாம். தேதி அடிக்கிற இடத்தை வெள்ளையாக விடுங்கள். 'சர்க்கரை நோய் குணமாகும்' என்று போடச் சொல்லி வாங்குகிறவர்களே கேட்பார்கள், போடாதீர்கள். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் சட்டத்தில் இருக்கிறது, அதைவிட அதை நம்பி மாத்திரையை நிறுத்துகிற ஒரு தாத்தாவை நினைத்துப் பாருங்கள்.

கடைசியாக விற்றுப் பாருங்கள். சிலிண்டர் (அச்சு பதிக்கிற உருளை) செய்து அச்சடிப்பது ஆயிரக்கணக்கில் போட்டால்தான் கட்டுப்படியாகும், அதனால் அவசரப்படாமல் வெற்றுப் பை வாங்கி, இரண்டு விதமாக ஸ்டிக்கர் அடித்து ஒட்டுங்கள். ஒரு கடையில் ஒன்று, இன்னொரு கடையில் மற்றொன்று, இரண்டு வாரம் கழித்து மாற்றி வையுங்கள். விலையும் தொங்குகிற இடமும் ஒன்றாகவே இருக்கட்டும். மாதம் பிறந்த முதல் வாரம் எல்லாமே ஓடும், அதை வைத்து முடிவு எடுக்காதீர்கள். எத்தனை போனது என்பதோடு, அதே ஆள் திரும்ப வந்து கேட்டாரா என்று கடைக்காரரிடம் விசாரியுங்கள், அவர்கள் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பையை மாற்றுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2009 ஜனவரியில் அமெரிக்காவில் ட்ராபிகானா ஆரஞ்சு ஜூஸ் டப்பாவை மொத்தமாக மாற்றினார்கள், ஸ்ட்ரா குத்தின ஆரஞ்சுப் படத்தை எடுத்துவிட்டார்கள். விற்பனை ஏறக்குறைய 20 சதவீதம் விழுந்தது, அடுத்த மாதமே பழைய டப்பாவுக்குத் திரும்புவதாக அறிவித்தார்கள். கடையில் அந்த ஆரஞ்சைப் பார்த்துத்தான் பலரும் எடுத்திருக்கிறார்கள். அதனால் நாங்கள் காகிதப் பையிலிருந்து புதுப் பைக்கு மாறும்போது, பழைய வாடிக்கையாளர்கள் இருபது பேரிடம் "எங்க பாக்கெட்டு எப்படி இருக்கும்னு சொல்லுங்க" என்று மட்டும் கேட்டோம். பதினான்கு பேர் சொன்னது மூலையில் இருந்த சிவப்பு உலக்கைப் படம். நாங்கள் அதை எடுத்துவிடலாம் என்று இருந்தோம். இப்போது அது பையின் நடுவில், ஆறு அடி தூரத்திலிருந்து தெரிகிற அளவுக்கு இருக்கிறது.