கண்டிக்கோட்டைக்குச் செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

ஆந்திரத்தின் கடப்பா மாவட்டத்தில், எர்ரமலைக் குன்றுகளை வடபெண்ணை பிளந்துகொண்டு செல்லும் இடத்தில், ஆற்றின் தென்கரைக் குன்றின் மேல் கண்டிக்கோட்டை அமைந்துள்ளது. மதிலுக்குள் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். பள்ளத்தாக்கின் விளிம்பில் படம் எடுத்துக்கொண்டு உடனே திரும்பிவிடுபவர்கள் இந்த ஊரைப் பார்த்தவர்கள் ஆகமாட்டார்கள் என்பது என் உறுதியான கருத்து. ஓர் இரவு தங்கி, ஒரு மாலையையும் ஒரு காலையையும் இங்கே செலவிடும்படி பயணத்தை வகுத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை செல்வது நல்லது. மழைக்காலத்தை ஒட்டிய மாதங்களில் ஆற்றில் நீர் இருக்கும். வெயிலும் தாங்கக்கூடியதாக இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் ராயலசீமையின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிவிடுவதால், நிழல் குறைந்த இந்தப் பாறைவெளியில் குழந்தைகளையும் முதியவர்களையும் நடக்கவைப்பது சரியல்ல.

சென்னையிலிருந்து திருப்பதி, கடப்பா வழியாகச் சாலையில் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். ரயிலில் செல்வோருக்கு மும்பைத் தடத்திலுள்ள முத்தனூர் நிலையம் அருகில் இருந்தாலும், எல்லா விரைவு வண்டிகளும் அங்கே நிற்பதில்லை. எனவே கடப்பாவில் இறங்கி, வாடகைக் கார் அமர்த்திக்கொள்வது எளிது. கோட்டைக்குச் சுமார் 15 கிலோமீட்டர் முன்னால் வரும் ஜம்மலமடுகுதான் கடைசிப் பெரிய ஊர் என்பதால், பெட்ரோல், ரொக்கப் பணம், மருந்து, குடிநீர் ஆகியவற்றை அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். தங்குவதற்கு ஆந்திர சுற்றுலாத் துறையின் விடுதி கோட்டைக்கு அருகில் உள்ளது. வார இறுதிகளில் அறை கிடைப்பது அரிது, முன்பதிவு செய்துவிடுங்கள்.

மாலையில் முதலில் கட்டடங்களைப் பாருங்கள். வாயிற்கதவில் யானைகளைத் தடுக்கப் பதித்த இரும்பு முட்களைச் சற்று நின்று கவனித்துவிட்டு உள்ளே நடந்தால், ஊர்க்காரர்கள் சார்மினார் என்று அழைக்கும் சிறு கோபுரமும், பழைய சிறைச்சாலையும், மாதவராயர் கோயிலும் அடுத்தடுத்து வரும். விஜயநகரப் பேரரசின் கீழும் அதற்குப் பின்னும் இந்தக் கோட்டையை ஆண்ட பெம்மசானி நாயக்கர்களிடமிருந்து, கோல்கொண்டாவின் தளபதி மீர் ஜும்லா 1650-ஆம் ஆண்டு வாக்கில் இதைக் கைப்பற்றினார். பிரெஞ்சு ரத்தின வணிகர் தவெர்னியே 1652-இல் அவரைச் சந்தித்தது இங்கேதான். இந்த வரலாற்றை மனத்தில் வைத்துக்கொண்டு ஜாமியா மசூதிக்குச் சென்றால், அதன் முற்றத்தைச் சுற்றியுள்ள வளைவுகளும், அருகிலேயே உள்ள பெரிய தானியக் களஞ்சியமும், அதற்கு எதிரில் எழுந்து நிற்கும் கோயில் கோபுரமும், ஆட்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த இடத்தில் நாம் நிற்பதைத் தெளிவாக உணர்த்தும். களஞ்சியத்தினுள் சென்று, உயர்ந்த வளைகூரையை அண்ணாந்து பாருங்கள். முற்றுகைக் காலத்தில் ஒரு கோட்டை எத்தனை உணவைச் சேர்த்துவைக்க வேண்டியிருந்தது என்பது அந்த அளவிலேயே விளங்கிவிடும்.

ஊர்த் தெருவில் நடக்கும்போது வீடுகளையும் பெண்களையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். தெலுங்கு தெரியாவிட்டாலும் பெயருக்குப் பின்னால் ‘காரு’ சேர்த்து மரியாதையாகப் பேசினால், வழி சொல்லவும் தண்ணீர் தரவும் தயங்கமாட்டார்கள்.

பள்ளத்தாக்கைக் காலைக்கு வையுங்கள். செங்கல் அடுக்கியது போன்ற சிவந்த பாறைப் படிவங்களின் மேல் சாய்வெயில் விழும்போது ஒவ்வோர் அடுக்கும் தனித்துத் தெரியும்; நண்பகலில் அந்த வரிகள் எல்லாம் மங்கிவிடும். ஆறு சுமார் 300 அடி கீழே ஓடுகிறது. விளிம்பின் பெரும்பகுதியில் தடுப்புக் கம்பிகள் இல்லை, பாறைகள் சில இடங்களில் உடைந்தும் தளர்ந்தும் கிடக்கின்றன. ஆகவே பிடிப்புள்ள காலணி அணியுங்கள், மழை பெய்த பிறகு விளிம்பை நெருங்காதீர்கள், தற்படத்துக்காகப் பின்னோக்கி ஓரடிகூட நகராதீர்கள், குழந்தையின் கையை விடாதீர்கள். இருட்டிய பின் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

பகல் மிச்சமிருந்தால், ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பேலம் குகைகளுக்குச் செல்லலாம். மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தச் சுண்ணாம்புக் குகையில் ஒன்றரை கிலோமீட்டர் அளவு பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது. உள்ளே புழுக்கம் மிகுதி என்பதால், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் வெளியிலேயே இருந்துகொள்வது நல்லது.