ஐரோப்பிய அரச வாரிசு வரிசையைச் சார்ட்டில் வரையும் முறை

பள்ளிக் கண்காட்சிக்கோ வினாடி வினா பயிற்சிக்கோ ஐரோப்பிய அரச குடும்பங்களைச் சார்ட்டில் போடுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் படங்களை ஒட்டுகிறார்கள். பிறகு பெயர் எழுதி, கடைசியில் கோடு இழுக்கிறார்கள். அப்படிச் செய்தால் குடும்பப் படம் கிடைக்கும். அடுத்து அரியணை ஏறப்போவது யார் என்ற கேள்விக்கு அதில் விடை இருக்காது. வாரிசு வரிசையைப் பிறப்பு மட்டும் முடிவு செய்வதில்லை, சட்டமும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. அதே பிள்ளைகளை வைத்துக்கொண்டு சட்டத்தை மாற்றினால் அரசர் மாறிவிடுவார். ஆகவே சட்டத்தை முதலில் எழுதுங்கள். கட்டமும் கோடும் அதன் பிறகு, படம் எல்லாவற்றுக்கும் கடைசியில்.

இதை மாணவர்களுக்கு விளக்க லண்டன் வரை போக வேண்டாம். செங்கோட்டை 1956 நவம்பர் 1-இல் நெல்லை மாவட்டத்தோடு சேரும்வரை மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்சியில் இருந்த ஊர். அங்கே திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் மருமக்கத்தாயம் நடந்தது: அரசருடைய மகனுக்குப் பட்டம் இல்லை, பெண்வழியில் பிறந்த ஆணுக்குத்தான். 1924-இல் மூலம் திருநாள் மறைந்தபோது வாரிசான சித்திரைத் திருநாளுக்கு வயது 11. 1931 வரை சேது லட்சுமி பாயி அவருக்காக ஆட்சியைக் கவனித்தார். சின்ன வயது வாரிசு, வேறு மாதிரியான விதி, இடைக்காலப் பொறுப்பாளர் என்று ஐரோப்பிய சார்ட்டில் வரப்போகும் மூன்றும் இந்த ஒரே எடுத்துக்காட்டில் இருக்கின்றன. வெள்ளைத்தாளில் முதலில் இதை வரைந்து பழகுங்கள்.

தாளும் அளவும்

முழு சார்ட் பேப்பர் ஒன்று (22-க்கு 28 அங்குலம், சுமார் 56-க்கு 71 செ.மீ.), எச்.பி. பென்சில், 30 செ.மீ. ஸ்கேல், கறுப்பு, சிவப்பு, பச்சை பெர்மனென்ட் மார்க்கர் தலா ஒன்று. ஸ்கெட்ச் பேனா வேண்டாம். குற்றாலச் சாரல் காலத்தில் தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கம் ஈரக்கை பட்டாலே அந்த மை பரவிவிடும்; அழிந்த பெயரைத் திரும்ப எழுத அதே கட்டத்தில் இடம் இருக்காது.

தாளைக் கிடைமட்டமாக வைத்து நான்கு பக்கமும் 3 செ.மீ. ஓரம் விடுங்கள். உள்ளே 65-க்கு 50 செ.மீ. கிடைக்கும். மேலே 7 செ.மீ. தலைப்புக்கு, அடுத்த 8 செ.மீ. விதிக்கு. மீதி 35 செ.மீ.-இல் மூன்று தலைமுறை: ஒவ்வொரு வரிசையும் 7 செ.மீ. உயரம், நடுவே 7 செ.மீ. இடைவெளி இரண்டு. பிரிட்டன் சார்ட்டுக்கு அடிவரிசையில் ஐந்து பேரக்குழந்தைகள் வருவார்கள். கட்டத்துக்கு 9 செ.மீ. அகலம், இடையில் 5 செ.மீ. என்று வைத்தால் 65 செ.மீ. சரியாக முடியும். அடிவரிசையை முதலில் அளந்து போட்டு, அதன் நடுவைப் பார்த்துப் பெற்றோர் கட்டத்தைப் போடுங்கள். மேலிருந்து தொடங்கினால் வலது ஓரத்தில் கடைசிக் குழந்தைக்கு இடம் பற்றாது.

விதிப் பட்டையில் எழுத வேண்டியவை

ஒவ்வொரு நாட்டுக்கும் மூன்று கேள்விகள். பெண்ணுக்கு இடம் எங்கே: வயதுப்படியா, சகோதரர்களுக்குப் பின்னாலா, இடமே இல்லையா? அந்த விதி எந்த நாளிலிருந்து, அதற்கு முன் பிறந்தவர்களுக்கும் செல்லுமா? ஒருவரை வரிசையிலிருந்து விலக்குவது எது?

இரண்டாவது கேள்வியில்தான் பெரும்பாலான சார்ட்டுகள் தவறுகின்றன. ஆணோ பெண்ணோ மூத்தவருக்கே பட்டம் என்று ஸ்வீடன் 1980 ஜனவரி 1-இல் மாற்றியது. 1979 மே 13-இல் பிறந்த கார்ல் பிலிப் ஏழு மாதம் பட்டத்து இளவரசராக இருந்துவிட்டு, 1977-இல் பிறந்த அக்கா விக்டோரியாவுக்கு இடம் விட்டார்; அங்கே விதி அதற்கு முன் பிறந்தவர்களுக்கும் சென்றது. நார்வே 1990-இல் அதே விதியைக் கொண்டுவந்தபோது அதற்கு முன் பிறந்தவர்களில் ஆணுக்கே முன்னுரிமை கொடுத்தது. அதனால் 1971-இல் பிறந்த அக்கா மார்த்தா லூயிஸுக்கு முன்னால் 1973-இல் பிறந்த தம்பி ஹாகோன் நிற்கிறார். ஹாகோனுடைய மகள் இங்க்ரிட் அலெக்சாண்ட்ரா 2004 ஜனவரி 21-இல் பிறந்தவர். புதிய விதி அவருக்குப் பொருந்துவதால் தம்பி ஸ்வேர்ரே மாக்னுஸ் அவருக்குப் பின்னால்தான். ஒரே வீட்டில் இரண்டு தலைமுறைக்கு இரண்டு விதி. பட்டையில் தேதி இல்லாவிட்டால் பார்ப்பவர் இதைப் பிழை என்றே எடுத்துக்கொள்வார்.

பிரிட்டனில் புதிய விதி 2011 அக்டோபர் 28-க்குப் பின் பிறந்தவர்களுக்கு மட்டும். 2015-இல் பிறந்த சார்லட்டைத் தாண்டி 2018-இல் பிறந்த தம்பி லூயி முன்னே வர முடியாது. ஆனால் 1950-இல் பிறந்த, அரசர் சார்லஸின் தங்கை ஆன், 1964-இல் பிறந்த தம்பி எட்வர்டுக்கும் அவர் பிள்ளைகளுக்கும் பின்னால்தான் இன்னும் நிற்கிறார்.

நெதர்லாந்து 1983, பெல்ஜியம் 1991, டென்மார்க் 2009, லக்சம்பர்க் 2011: இவை எல்லாம் மூத்தவருக்கே என்று மாறிய ஆண்டுகள். ஸ்பெயினிலும் மொனாக்கோவிலும் மகன் மகளை முந்துவார். மொனாக்கோவில் 2014 டிசம்பர் 10-இல் பிறந்த இரட்டையரில் காப்ரியேலா இரண்டு நிமிடம் மூத்தவர். பட்டத்து வாரிசு தம்பி ஜாக். லிச்சென்ஸ்டைனில் ஆண்வழி மட்டும்.

மூன்றாவது கேள்விக்கு நெதர்லாந்து நல்ல பாடம். நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாமல் 2004-இல் மணம் செய்ததால் இளவரசர் ஃப்ரிசோ தம் இடத்தை இழந்தார். ஆட்சியில் இருப்பவரிடமிருந்து மூன்றாம் நிலை உறவைத் தாண்டினாலும் இடம் போய்விடும். 2013 ஏப்ரல் 30-இல் பெயாட்ரிக்ஸ் பட்டம் துறந்து மகன் வில்லெம்-அலெக்சாண்டர் அரசரானதும், அவருடைய சித்தி மார்கிரீட் வரிசையில் நீடித்தார், சித்தியின் மகன்கள் வெளியே போனார்கள். யாரும் இறக்கவில்லை, சட்டமும் மாறவில்லை. மேல் கட்டம் மாறியதே காரணம். பிரிட்டனில் கத்தோலிக்கர் அரியணை ஏற முடியாது. கத்தோலிக்கரை மணந்தவரை விலக்கும் விதி மட்டும் 2015-இல் நீங்கியது.

பட்டப்பெயர் போனால் வரிசையிலும் இடம் போனதாக எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. டென்மார்க்கில் இன்றைய அரசர் பிரெடரிக்கின் தம்பி யோவாகிமின் பிள்ளைகள் 2023 ஜனவரி 1 முதல் இளவரசர், இளவரசி என்ற பட்டத்தை இழந்தார்கள். வரிசையில் அவர்கள் இடம் அப்படியே இருக்கிறது. 2020-இல் அரசப் பணியிலிருந்து விலகிய ஹாரியும் அப்படித்தான்.

விரல் வைத்து எண்ணும் முறை

கட்டங்களை மூத்தவர் இடம், இளையவர் வலம் என்று போடுங்கள். மகனுக்கு முன்னுரிமை உள்ள நாடானால் மகன்கள் எல்லாரும் இடப்பக்கம், மகள்கள் அவர்களுக்கு வலப்பக்கம். அரசர் கட்டத்தில் விரலை வைத்து இடது ஓரப் பிள்ளைக்கு இறங்குங்கள். அங்கிருந்து அவருடைய இடது ஓரப் பிள்ளைக்கு. அடிவரை போய்விட்டால் அருகில் உள்ள உடன்பிறப்புக்கு நகருங்கள். அந்த வரிசை தீர்ந்தால்தான் ஒரு படி ஏறி அடுத்தவர். விரல் போன வழியில் 1, 2, 3 என்று பென்சிலில் எண் போடுங்கள். சார்லஸிலிருந்து இறங்கினால் வில்லியம் 1, ஜார்ஜ் 2, சார்லட் 3, லூயி 4, பிறகே ஹாரி 5, ஆர்ச்சி 6, லிலிபெட் 7. தலைமுறை தலைமுறையாகக் குறுக்கே எண்ணுகிறவர்கள் ஹாரிக்கு 2 போட்டுவிடுவார்கள்.

இறந்தவர் கட்டத்தை அழிக்கக்கூடாது. மூலையில் சிலுவைக் குறி போட்டு வையுங்கள், விரல் அவர் வழியாகவே இறங்க வேண்டும். பிரான்சின் 14-ஆம் லூயிக்கு 1715-இல் வாரிசானது கொள்ளுப்பேரன், ஐந்து வயதுக் குழந்தை. மகன் 1711-இல் அம்மையில் இறந்தார். 1712-இல் தட்டம்மை பேரனையும், மூத்த கொள்ளுப்பேரனையும் கொண்டுபோனது. இந்த மூன்று கட்டங்களும் சார்ட்டில் இல்லாவிட்டால் 15-ஆம் லூயி எங்கிருந்து வந்தார் என்றே தெரியாது.

அரசருக்குப் பிள்ளை இல்லாதபோது, வாரிசாகப் போகிறவரின் பக்கத்திலிருந்து நம் உறவுமுறையை எழுதிப் பாருங்கள், வரிசை தானே வந்துவிடும். பிரிட்டிஷ் அரசி விக்டோரியாவுக்கு நான்காம் வில்லியம் பெரியப்பா, எர்னஸ்ட் அகஸ்டஸ் சித்தப்பா. 1837 ஜூன் 20-இல் பெரியப்பா வாரிசில்லாமல் மறைந்தார். அடுத்த கிளை விக்டோரியாவின் தந்தையுடையது. தந்தை இல்லை, மகளே அந்த இடத்துக்கு வந்தார். அதே அரசரின் கீழ் இருந்த ஜெர்மானிய நாடான ஹானோவரில் ஆண் இருக்கும்வரை பெண்ணுக்கு இடமில்லை என்பது விதி. அங்கே சித்தப்பா அரசரானார். நூறாண்டுக்கு மேல் ஓர் அரசரின் கீழ் இருந்த இரண்டு நாடுகள் அன்றே பிரிந்தன. 1890-இல் பத்து வயது வில்ஹெல்மினா நெதர்லாந்துக்கு அரசியானபோது லக்சம்பர்க்கும் இதே காரணத்தால் நாசாவ் அடால்ஃபிடம் போனது. இத்தகைய இடங்களில் ஒரே குடும்பத்துக்கு இரண்டு விதிப் பட்டைகள் போட்டு, ஒரு கோட்டைச் சிவப்பிலும் மற்றதைப் பச்சையிலும் இழுங்கள்.

சிறுவர்கள் அரசரான காலம்

இங்கே பிறந்த தேதி, பட்டத்துக்கு வந்த தேதி, தாமே ஆளத் தொடங்கிய தேதி என்று மூன்று வேண்டும். இரண்டோடு நிறுத்தினால் குழந்தை ஆண்டதுபோலத் தோன்றும். கட்டத்தின் கீழே 1 செ.மீ. பட்டை ஒதுக்கி, பொறுப்பாளர் பெயரையும் ஆண்டையும் அதில் எழுதுங்கள். 14-ஆம் லூயி: பிறப்பு 1638 செப்டம்பர் 5, பட்டம் 1643 மே 14, பொறுப்பு தாய் ஆன், வயது வந்தவராக அறிவித்தது 1651. வில்ஹெல்மினா: பட்டம் 1890, பொறுப்பு தாய் எம்மா, 1898 வரை. ஸ்காட்லாந்தின் மேரி அரசியானபோது பிறந்து ஆறு நாள். இங்கிலாந்தின் ஆறாம் எட்வர்ட் 9 வயதில் ஏறி, 15 வயதில் இறந்தார். தாமே ஆளும் நாள் அவருக்கு வரவே இல்லை. பட்டையின் வலது முனையைத் திறந்தபடி விட்டு இறந்த தேதியை எழுதுங்கள்.

ஸ்பெயினின் 13-ஆம் அல்ஃபோன்சோ கட்டத்தைக் கவனமாகப் போடவேண்டும். தந்தை இறந்தது 1885 நவம்பர் 25, மகன் பிறந்தது 1886 மே 17. பிறந்த நாளே பட்டத்து நாள். நடுவில் உள்ள ஆறு மாதமும் பொறுப்பு, தாய் மரியா கிறிஸ்டினாவிடம். அவர் 1902 வரை பார்த்துக்கொண்டார். வயிற்றில் இருப்பது மகனானால் அக்காக்களை முந்துவான் என்பதால்தான் நாடு காத்திருந்தது. மூத்தவருக்கே என்ற விதியானால் அக்கா மெர்சிடிஸ் அன்றே அரசி.

ஸ்பெயினின் இன்றைய வாரிசு லியோனோர் நிலையும் இதையொட்டியதுதான். 2005 அக்டோபர் 31-இல் பிறந்து, 18 நிறைந்த அன்றே அரசியலமைப்பின் மீது உறுதிமொழி எடுத்தவர். ஆனாலும் ஸ்பெயின் விதிப்படி தம்பி பிறந்தால் இடம் மாறும். இப்படி மாறக்கூடிய வாரிசுக்குப் புள்ளிக்கோடு, எந்தப் பிறப்பாலும் மாறாத வாரிசுக்கு முழுக்கோடு. இரண்டாம் எலிசபெத்துக்கு 1936 முதல் 1952 வரை புள்ளிக்கோடுதான் வரும். வேல்ஸ் இளவரசர் பட்டம் பிறப்பால் தானாக வருவதில்லை, அரசர் தனியாக அளிப்பது. ஜார்ஜ் கட்டத்தில் அதை இப்போதே எழுதாதீர்கள்.

பழைய தேதிகளை எடுக்கும்போது நாட்காட்டியையும் பாருங்கள். ரஷ்ய வாரிசு அலெக்ஸேய் பிறந்தது ஒரு நூலில் 1904 ஜூலை 30, இன்னொன்றில் ஆகஸ்ட் 12. 13 நாள் வித்தியாசம் பழைய ரஷ்ய நாட்காட்டியால் வந்தது, இரண்டும் சரி. இங்கிலாந்தில் 1752-க்கு முன் ஆண்டு மார்ச் 25-இல் பிறந்ததால், முதலாம் சார்லஸின் மரண தண்டனை அக்கால ஏடுகளில் 1648 ஜனவரி. நாம் எழுதுவது 1649. பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் குறிப்பெடுக்கிறவர்கள் தேதியோடு எந்த நாட்காட்டி என்பதையும் குறித்துக்கொண்டால் இரண்டாம் தடவை அலைய வேண்டியதில்லை.

அலெக்ஸேயின் ரத்தம் உறையாத நோயைக் காட்ட விரும்பினால் விக்டோரியாவிலிருந்து தொடங்குங்கள். கடத்தும் பெண்ணுக்கு அரை வட்டம், நோயுள்ள ஆணுக்கு முழு வட்டம். விக்டோரியா, மகள் ஆலிஸ், பேத்தி அலிக்ஸ், கொள்ளுப்பேரன் அலெக்ஸேய். தந்தையிடமிருந்து மகனுக்கு இது போகாது. ஏழாம் எட்வர்டுக்கு நோய் இல்லை, ஆகவே இன்றைய பிரிட்டிஷ் கிளையில் எந்த வட்டமும் வரக்கூடாது.

மாட்டுவதும் மாற்றுவதும்

ஆனி, ஆடிக் காற்றில் நான்கு மூலையில் மட்டும் ஒட்டிய சார்ட் ஒரு மணி நேரம் தாங்காது. மேலும் கீழும் 71 செ.மீ. ரீப்பர் கட்டையை வைத்துத் தாளை ஒரு சுற்று சுற்றி ஒட்டுங்கள். மேல் கட்டையில் இரண்டு இடத்தில் கயிறு.

கீழ் ஓரத்தில் எந்த நாள் நிலவரம் என்று எழுதுங்கள். டென்மார்க்கில் 2024 ஜனவரி 14-இல் மார்கிரேத்த பட்டம் துறந்து பிரெடரிக் அரசரானார். 2005-இல் பிறந்த கிறிஸ்தியான் பட்டத்து இளவரசரானார். லக்சம்பர்க்கில் 2025 அக்டோபர் 3-இல் கியோம் ஏறினார். 2020-இல் பிறந்த ஷார்ல் இப்போது வாரிசு. எண்களை மட்டும் தனித் துண்டுத்தாளில் எழுதிக் கட்டத்தின் மூலையில் லேசாக ஒட்டி வைத்தால், இத்தகைய மாற்றம் வரும்போது துண்டுகளைப் பிரித்து மாற்றினால் போதும். அரசர் கட்டம் மாறிய நாட்டில் மட்டும் விதிப் பட்டையின் மூன்றாம் கேள்வியையும் ஒருமுறை சரிபாருங்கள்.